எத்தனை வருஷம் இருந்தால் உள்ளூர்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம்தான். கையில் பிளாஸ்டிக் கவரோடு அப்பாக்கள், மதிப்பெண் பட்டியலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பிள்ளைகள். எல்லாரும் கேட்பது ஒரே பட்டியல். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், தாசில்தார் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் கலந்தாய்வுக்குக் கடைசித் தேதி வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்பா தறியில், அம்மா பாவு வேலையில். வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அந்த நான்கு காகிதங்களும் கைக்கு வந்துவிட்டால் அவளுக்குக் கதவுகள் திறக்கும். காஞ்சியில் பட்டு நெய்யும் சமூகங்கள் பெரும்பாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் உண்டு. 2010-11 முதல் நடைமுறையில் உள்ள முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இதற்கு மேலும் தேவைப்பட்டால் வங்கிக் கல்விக் கடன்.

இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

இப்போது இன்னொரு பெண். அதே மார்க், அதே தமிழ் மீடியம், அதே பாடப்புத்தகம். அவளும் தமிழ்நாட்டில்தான் பிறந்தாள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேதான் படித்தாள். ஆனால் அவள் வீட்டு முகவரியில் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் "குடியுரிமை" என்ற இடத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

இருப்பிடம் ஏன் கேட்கிறார்கள்?

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அரசு கொடுக்கும் கல்வி உதவி வானத்திலிருந்து வருவதில்லை. அது வரிப்பணம். ஆகவே "யாருக்குக் கொடுப்பது?" என்று வரம்பு கட்டத்தான் வேண்டும். வரம்பே இல்லையென்றால் பணம் எங்கு அதிகமோ அங்கு போய் ஒரு மாதம் தங்கி விண்ணப்பம் போட்டுவிட்டு வரலாம். அதனால்தான் உலகம் முழுக்க இருப்பிட விதி இருக்கிறது. இத்தனை ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும், இங்கேயே படித்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த விதி உண்டு. அது ரொம்பவே எளிமையான விதி. பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொண்டால், 8 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர் இருப்பிடச் சான்று தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. படித்த இடமே சான்று. பிறந்தது ஆந்திராவாக இருக்கலாம், அப்பா ஒடிசாக்காரராக இருக்கலாம். இங்கே பள்ளிக்கூடம் போனாயா? அப்படியானால் நீ இந்த ஊர்ப் பிள்ளை.

காஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். காஞ்சிப் பட்டில் என்ன இருக்கிறது? பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆனாலும் சேலைக்குப் பெயர் காஞ்சிப் பட்டு! 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்குத்தான். நூல் எங்கே பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை, எங்கே நெய்தது என்பதுதான் பேச்சு. நெய்கிறவர்களையே பாருங்களேன். செங்குந்தரும் சாலியரும் இருக்கிற ஊரில் தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடம் பேசும் தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு திசையிலிருந்து வந்தவர்கள் தறி போட்டிருக்கிறார்கள். இன்று அவர்களை வெளியூர்க்காரர் என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

படிக்க வந்தவர்கள்

காஞ்சி வெறும் நெசவு ஊர் மட்டுமா? வெளியூர்க்காரர்கள் படிக்க வந்த ஊர். நான்காம் நூற்றாண்டில் கர்நாடகத்துத் தாளகுந்தாவிலிருந்து மயூரசர்மன் என்ற மாணவன் தன் தாத்தாவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான். வந்த இடத்தில் ஒரு பல்லவக் குதிரை வீரனோடு தகராறு. கோபித்துக்கொண்டு போனவன் கதம்ப அரசையே நிறுவிவிட்டான்! தாளகுந்தா கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் வடக்கே போய் நாளந்தாவின் தலைவரானார். ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்து பார்த்து எழுதிவைத்தார்.

வேகவதிக்கு அக்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றம் அந்நாளின் ஜினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387இல் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர். தன் குரு புஷ்பசேனரின் சொல் கேட்டுக் கட்டினார். கற்றவரைத் தேடி வெளியிலிருந்து ஆள் வந்த இடம் அது. அந்தக் கோயிலில் ஒரு குரா மரம் உண்டு. அரசனின் செங்கோல் நேராக இருப்பதற்கு அது அடையாளம் என்பது ஊர் நம்பிக்கை.

படிக்க வந்தவர்களுக்கு உதவித்தொகையும் புதிய விஷயம் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்வீபத்து அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டினான். அதன் செலவுக்காக வங்காளத்துத் தேவபாலன் ஐந்து கிராமங்களின் வருவாயை விட்டுக்கொடுத்தான். கடல் கடந்து வந்தவர்களின் படிப்புக்கு உள்ளூர் அரசின் வருவாய்! காஞ்சிக்குக் கொஞ்ச தூரத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு மாணவர்களுக்குச் சாப்பாடும், சனிக்கிழமை தலை முழுக எண்ணெயும் தந்ததைச் சொல்கிறது. அது வேதம் படித்தவர்களுக்குத்தான், எல்லாச் சாதிக்கும் அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. அன்றைக்கும் உதவி இருந்தது, அன்றைக்கும் "உனக்குத் தகுதி இல்லை" என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

இன்று அந்தக் கோடு முகாம் வாசலில் விழுகிறது.

முகாம் பிள்ளைகள் யார்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகில் ராமேஸ்வரம் பக்கம் வரத் தொடங்கினார்கள். 1990இல் ஒரு அலை, 1996க்குப் பிறகு ஒரு அலை, 2006க்குப் பிறகு ஒரு அலை. தமிழக அரசு 2021இல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி மொத்தம் வந்தவர்கள் 3,04,269 பேர். அதில் பலர் திரும்பிவிட்டார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். 2021இல் 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு வெளியே வாடகை வீட்டில் இருந்தவர்கள் 34,087 பேர்.

இந்த எண்ணிக்கையில் கணிசமானவர்கள் இலங்கையைப் பார்த்ததே இல்லை. 1990இல் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்த குழந்தைக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்தக் குழந்தையின் குழந்தை இப்போது பிளஸ் டூ. சட்டப்படி அவள் "வெளிநாட்டவர்". எந்த வெளிநாடு? அவள் ஒரு நாள்கூடக் கால் வைக்காத நாடு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. முகாம்களில் இருப்பவர்களில் பெரும் பகுதி மலையகத் தமிழர்கள். அவர்களுடைய பூட்டன் பூட்டி வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கு முடிவதற்குள் கலவரம் வந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு தாத்தா ஊருக்கே ஓடிவந்தார்கள். வந்த பின் பெயர் "அகதி". அங்கே இருந்தபோது இந்தியாக்காரன், இங்கே வந்தபோது சிலோன்காரன்!

திறந்து மூடிய கதவு

முகாம் மாணவர்களுக்குத் தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1980களில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அவர்களுக்கென்று இடங்களே ஒதுக்கப்பட்டன. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பை ஒரு இயக்கமாகவே எடுத்து நடத்தியது. வீடு போனாலும் படிப்பு போகக் கூடாது என்ற பிடிவாதம் அந்த மக்களிடம் இருந்தது. அவர்கள் விட்டுவந்த நாட்டிலேயே 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு என்று மார்க்கைத் தவிர மற்றதெல்லாம் பேசப்பட்டு, அந்தக் கோபம் போரின் காரணங்களில் ஒன்றானது. சீட்டின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

பிறகு 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எல்லாமே தலைகீழானது. அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முகாம் பிள்ளைகளுக்கும் கல்லூரி இடங்கள் நின்றுபோயின. 1996இல் ஆட்சி மாறிய பிறகு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நடுவில் அந்த ஐந்து ஆண்டில் பள்ளி முடித்தவர்கள் என்ன ஆனார்கள்? பலர் பெயிண்டிங் வேலைக்குப் போனார்கள். இன்றும் முகாம் ஆண்களில் பெரும்பாலோர் செய்யும் வேலை அதுதான்.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது பெரிய பங்கு. படிப்புக்கும் சில அறிவிப்புகள் வந்தன. பொறியியல் சேரும் முகாம் மாணவர்களில் மார்க் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். வேளாண் படிப்புகளில் முதல் 5 பேருக்கும் அப்படியே. கலை, அறிவியல் இளநிலை மாணவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் ஆனது. தொழிற்படிப்புக்கு 5,000 ரூபாய் 20,000 ஆனது. அடுத்த நாளே "அகதிகள் முகாம்" என்ற பெயர் "மறுவாழ்வு முகாம்" ஆகும் என்றும் அறிவித்தார்கள்.

நல்ல அறிவிப்பு, சந்தேகமில்லை. 3,000 ரூபாய்க்கு ஒரு செமஸ்டர் பஸ் செலவுகூடத் தேறாது. 12,000 என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆனால் உற்றுப் பாருங்கள். திருப்பருத்திக்குன்றத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது விதி. அவள் மார்க் எடுத்தால், வருமானம் வரம்புக்குள் இருந்தால், அது அவள் உரிமை. முகாம் பெண்ணுக்குக் கிடைப்பது ஒவ்வொரு முறையும் தனி ஆணை. முதல் 50 பேருக்குள் வந்தால் முழுக் கட்டணம், 51ஆவது ஆளுக்கு இல்லை. ஒரு அரசு 1980களில் கொடுத்தது, 1991இல் நின்றது, 1996க்குப் பின் வந்தது, 2021இல் கூடியது. இரக்கத்தால் வந்த உதவி இரக்கம் போனால் போய்விடும் என்பதை 1991 ஏற்கெனவே காட்டிவிட்டது.

மூடியே இருக்கும் கதவுகள்

இனி மாநில அரசு நினைத்தாலும் திறக்க முடியாத கதவுகளைப் பார்ப்போம்.

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலும் முதல் தகுதி, மாணவர் இந்தியராக இருக்க வேண்டும் என்பதே. சாதிச் சான்று இல்லாததால் பொறியியல் கலந்தாய்வில் முகாம் மாணவர் பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டும். மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கவே குடியுரிமை வேண்டும். நீட் எழுதலாம், மார்க்கும் வாங்கலாம், ஆனால் அவள் நிற்கும் வரிசை வெளிநாட்டவர் வரிசை. அந்த வரிசையில் நிற்க டாலரில் சம்பாதிக்கும் அப்பா வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அப்பா போதாது.

சரி, குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் வெளிநாட்டவர் குடியுரிமை பெற ஒரு இருப்பிட விதி உண்டு. விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் 11 ஆண்டும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். முகாம்வாசிகளில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவர்களே ஏராளம். ஆனால் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் "சட்டவிரோதக் குடியேறி", அவர் விண்ணப்பிக்கவே முடியாது என்கிறது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். குண்டு விழும்போது யார் விசா எடுத்துக்கொண்டு படகு ஏறுவார்கள்? அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. ஆகவே "அகதி" என்ற சொல் முகாம் போர்டில் இருந்ததே தவிர, சட்டப் புத்தகத்தில் இடம் பிடிக்கவில்லை.

இங்கே பிறந்தவர்களுக்கு? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தால் இன்னும் கடுமை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் தீர்ப்பு அவர் பக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு அதே முகாமில், அதே மாதிரி பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை. ஒரு நாள் பிந்திப் பிறந்தாலும் பிந்தியதுதான்.

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் காத்திருக்கும் காலத்தை 11 ஆண்டிலிருந்து 5 ஆக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு விலக்கு அளித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காக நடவடிக்கை இல்லை. தலைக்கு மேல் தொங்கிய கத்தி ஒன்று இறங்கியது, உண்மை. குடியுரிமைக் கதவு அதனால் தானாகத் திறந்துவிடவில்லை.

மற்ற ஊர்களில்

ஒரு கற்பனைக் கணக்கு. 1990இல் மன்னாரில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி. அண்ணன் படகு ஏறி மண்டபம் வந்தான். தம்பி எப்படியோ டொராண்டோ போய்ச் சேர்ந்தான். இருவருக்கும் இங்கும் அங்கும் பெண் குழந்தைகள் பிறந்தன.

தம்பிக்கு அகதி அடைக்கலம் கிடைத்த நாளிலேயே கனடாவில் சட்டப்படி ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது, "பாதுகாக்கப்பட்டவர்". ஒன்டாரியோ மாகாணத்தின் மாணவர் நிதியுதவிக்குக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், பாதுகாக்கப்பட்டவர்கள் மூவருமே விண்ணப்பிக்கலாம். இருப்பிட விதி 12 மாதம். அவ்வளவுதான்! தம்பியின் மகளைக் கேட்கவே வேண்டாம், கனடாவில் பிறந்தவள் கனடாக்காரி. அண்ணனின் மகளுக்கு 12 மாதமும் போதவில்லை, அவள் பிறந்து வளர்ந்த பதினெட்டு வருஷமும் போதவில்லை.

கனடா எல்லாவற்றிலும் நல்ல நாடு என்று சொல்ல வரவில்லை. இந்த விஷயத்தில் அங்கே ஒரு எண் இருக்கிறது. இத்தனை மாதம் என்றால் இத்தனை மாதம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் ஒரு காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பாத வெளிநாட்டவருக்கு மாநில மாணவர் உதவி கிடையாது என்று சட்டம் வைத்திருந்தது. 1977இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லாது என்றது. சட்டப்படி அங்கேயே வசித்து வரி கட்டுகிறவர்களைக் குடியுரிமையைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்பது சாரம். பிரிட்டனில் ஜாம்பியாவிலிருந்து ஆறு வயதில் வந்து அங்கேயே படித்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லை என்று மாணவர் கடன் மறுக்கப்பட்டது. வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் பக்கம் முடிந்தது. அதன் பிறகு அங்கே புது விதி வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஏழு ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் போதும். 18 தாண்டியவர் என்றால் வாழ்நாளில் பாதியையோ 20 ஆண்டையோ அங்கே கழித்திருக்க வேண்டும். பாதி வாழ்நாள்! கடுமையான விதிதான். ஆனால் முகாம் பெண்ணுக்கு அந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். அவள் வாழ்ந்தது பாதி அல்ல, முழு வாழ்நாள்.

"நம்ம பிள்ளைக்கே இல்லை..."

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் வரும். "நம்ம நெசவாளர் பிள்ளைக்கே பீஸ் கட்ட வழியில்லை, வந்தவர்களுக்கு எங்கே கொடுப்பது?"

இதை அலட்சியம் செய்யக் கூடாது. பட்டுத்தறிக் குடும்பங்களின் கஷ்டம் காஞ்சியில் எல்லாருக்கும் தெரியும். விசைத்தறிச் சேலை வந்து கைத்தறியை நெருக்குகிறது, பிள்ளைகள் தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அந்தக் குடும்பத்தின் ஒரு ரூபாயைப் பிடுங்கி முகாமுக்குக் கொடு என்று சொன்னால் தப்புதான்.

ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஏழரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலத்தில் முகாம்களில் இருப்பவர்கள் அறுபதாயிரத்துக்கும் குறைவு. அதில் ஒரு ஆண்டில் கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் மாணவர் கூட்டத்தில் அடங்கிவிடுவார்கள். அவர்களும் கடையில் சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறார்கள். பெயிண்ட் வாளிக்கும் ஜிஎஸ்டி உண்டு. கடைக்காரர் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை.

"போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்றும் கேட்பார்கள். போகிறவர்கள் போகிறார்கள், போகவும் வேண்டும். ஆனால் அதுவும் பதினேழு வயதுப் பெண்ணுக்கான பதில் இல்லை. போனாலும் இருந்தாலும் அவள் கையில் ஒரு பட்டம் இருந்தால் நல்லது. முகாமில் படித்து இலங்கைக்குத் திரும்புகிற ஆசிரியை அந்த ஊருக்கு லாபம், இங்கேயே தங்கும் என்ஜினியர் இந்த ஊருக்கு லாபம். படிக்காமல் நிறுத்தினால் இரண்டு ஊருக்கும் நஷ்டம்.

கேட்க வேண்டிய கேள்வி

குடியுரிமை டெல்லியின் கையில். அதற்கு அரசியல், தூதரகம், ஒப்பந்தம் என்று ஆயிரம் முடிச்சு. ஆனால் மாநில அரசின் சொந்தப் பணத்திலிருந்து போகும் கல்வி உதவிக்கு அந்த முடிச்செல்லாம் அவிழும்வரை காத்திருக்க வேண்டுமா? மாநிலத்தின் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 6 முதல் 12 வரை எங்கே படித்தாய்? புதுமைப் பெண்ணுக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வனுக்கும் அடிப்படையான கேள்வி அதுதான். எல்லா மாநில உதவிக்கும் அந்தக் கேள்வி ஒன்றையே சட்டமாக எழுதிவிட்டால் "முதல் 50 பேர்" என்று எண்ண வேண்டியதில்லை. அடுத்த ஆட்சி வந்தால் என்ன ஆகுமோ என்று முகாமில் யாரும் பயப்பட வேண்டியதில்லை. சட்டமாக எழுதியதைப் பறிக்க வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் நின்று காரணம் சொல்லித்தான் பறிக்க வேண்டும்.

கல்விக் கடனும் மத்திய உதவித்தொகையும் அப்போதும் மூடித்தான் இருக்கும். மருத்துவ சீட்டும் அப்படியே. அவற்றுக்கு 11 ஆண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கிற எண் முகாமில் கழித்த ஆண்டுகளுக்கும் பொருந்த வேண்டும். முப்பத்தைந்து ஆண்டைப் பூஜ்யம் என்று எண்ணுகிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரப்படுவதில்லை.

அடுத்த ரிசல்ட் வரும்போதும் இ-சேவை மையங்களில் கூட்டம் நிற்கும். நெசவாளர் வீட்டுப் பெண் கவரோடு வருவாள், நான்கு சான்றும் வாங்கிக்கொண்டு போவாள், போகட்டும். வேறொரு மாவட்டத்தில் முகாம் பெண்ணும் கவரோடுதான் நிற்பாள். அவள் கவரில் பிறப்புச் சான்று இருக்கும், பன்னிரண்டு ஆண்டு படித்த பள்ளியின் மாற்றுச் சான்று இருக்கும், மதிப்பெண் பட்டியல் இருக்கும். எல்லாமே தமிழ்நாடு அரசு முத்திரை குத்திக் கொடுத்த காகிதங்கள்.